ஏழாம் நம்பர் டேங்கும் அப்புறம் மேடமும்

அவர் முதல் முறை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது யாரோ ஆண்பிள்ளை வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் தெரிந்தவை இரண்டு பெரிய கறுப்பு ஷூக்கள். திறந்து பார்த்தால், அந்த ஷூக்களுக்கு மேலே ஒல்லியாக, நரை ஓடிய கொண்டையோடு ஒரு பெண்மணி. தொழிற்சாலைக்குள் போட வேண்டிய இரும்பு மூக்கு வைத்த ஷூ அந்தக் காலத்தில் பெண்கள் காலுக்குக் கிடைக்காதாம். ஆண்கள் அளவில் வாங்கி, இரண்டு ஜோடி காலுறை போட்டு, அதோடு முப்பது வருடம் நடந்திருக்கிறார். அவர் ஏறாத டேங்க் இல்லை, இறங்காத குழி இல்லை. எதையும் ஒரு பிடி கூட்டிச் சொல்கிறவள் என்று எனக்கு வீட்டில் பெயர் உண்டு. இதில் ஒரு சிட்டிகைகூடக் கூட்டவில்லை.

அவர் வேலை இதுதான். எங்கேயாவது ஒரு கெமிக்கல் ஃபேக்டரி எரிந்தாலோ வெடித்தாலோ தீயணைப்பு வண்டி முதலில் வரும். பத்திரிகைக்காரர்கள் பின்னாலேயே வருவார்கள். எல்லோரும் போய், தரையில் சாம்பலும் நுரையும் மிச்சம் இருக்கும்போது, இவர் பஸ்ஸில் வந்து இறங்குவார். எப்படி நடந்தது என்று கண்டுபிடித்து, இன்னொரு தடவை நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் போய்விடுவார். அரசாங்கச் சம்பளம். தோளில் ஒரு பை. அதில் நோட்டு, நூலில் கட்டிய பென்சில், நீளமான இரும்பு டேப். பேனா கிடையாது, தீயணைத்த தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும் என்பார்.

தொழிலாளிகள் வைத்த பெயர் அப்புறம் மேடம். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று அவர் யாரையும் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டவுடன் எதிரில் இருப்பவன் வக்கீலாக மாறிவிடுகிறான் என்பது அவர் கணக்கு. அதனால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு "அப்புறம்?" என்பார். மறுபடி "அப்புறம்?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குக் கல்லும் கதை சொல்லும். வால்வு வாய் திறக்கும்.

அவர் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், தங்கமான மனிதர். பின்னாளில் பழக்கமானபோது என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டுல பால் பொங்கினா இவங்க என்னையும் திட்ட மாட்டாங்க, அடுப்பையும் திட்ட மாட்டாங்க. ஸ்கேலை எடுத்துட்டு வந்து பாத்திரத்தோட உயரத்தை அளப்பாங்க. அதுக்குள்ள மிச்சப் பாலும் பொங்கிடும்."

அவர் எங்கள் வீட்டுக்கு வரும்படி ஆனது ஏழாம் நம்பர் டேங்கால்.

என் மகன் அந்த ஃபேக்டரியில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். மாடியில் குடியிருந்த என் மகளின் கணவர், அதே ஃபேக்டரியில் மீட்டர்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தார். இந்த இரண்டு பிரிவும் எலியும் பூனையும் போல. மீட்டர்காரர்களைக் கன்ட்ரோல் ரூமில் 'திருப்புளி' என்பார்கள். கன்ட்ரோல் ரூம் ஆட்களை மீட்டர்காரர்கள் 'பட்டன்' என்பார்கள். மாமாவும் மச்சானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் திருப்புளியும் பட்டனும் மோதிக்கொள்ளும். குழம்பு ஆறிப் போகும். ஒரு நாள் நான் கரண்டியால் மேசையைத் தட்டி, இனி இந்த வீட்டில் சாப்பாட்டு வேளையில் ஃபேக்டரி என்ற பேச்சே வரக் கூடாது என்று சட்டம் போட்டேன். மூன்று வருடம் அந்தச் சட்டம் ஒழுங்காக நடந்தது. வீட்டில் அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி.

விபத்து நடந்தது ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு. பெயின்ட்டில் கலக்கும் தின்னர் மாதிரி ஒரு திரவம், மூக்கில் ஏறினால் தலை சுற்றும். அதை ஏழாம் நம்பர் டேங்கில் ஏற்றிக்கொண்டிருந்தான் என் மகன். டேங்க் நிரம்பி, மேலே இருக்கும் காற்றுக் குழாய் வழியாகப் பொங்கி, பக்கவாட்டில் வழிந்து தரைக்கு வந்தது. ஆவி தரையோடு தரையாகப் பரவி, ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரைத் தொட்டது. அவ்வளவுதான். அன்றைய புகையைப் பற்றி நான் எல்லோரிடமும் சொல்வது, அந்தப் பக்கம் வெள்ளையாகப் பறந்து போன கொக்குக் கூட்டம் இந்தப் பக்கம் காக்கைக் கூட்டமாக இறங்கியது என்று. அதில் புகை மட்டும் நிஜம். டேங்கின் ஏணியில் நின்ற பம்ப் மேஸ்திரி பாதியிலிருந்து குதித்தார். கணுக்கால் முறிந்தது, இரண்டு கையும் வெந்து போயின. இதுவும் நிஜம்.

தீ தரையோடு அணைந்தது; டேங்க் தப்பியது. என் மகன் தப்பவில்லை. கன்ட்ரோல் ரூமில் ஒரு குட்டி அச்சு இயந்திரம், எந்த அலாரம் எத்தனை மணிக்கு அடித்தது, எத்தனை மணிக்கு அதை யார் அமுக்கினார்கள் என்று காகிதச் சுருளில் அடித்துக்கொண்டே இருக்கும். டேங்க் நிரம்பப் போகிறது என்று பத்து நாற்பத்திரண்டுக்கு அலாரம் அடித்திருக்கிறது. மூன்றே விநாடியில் என் மகன் அதை அமுக்கி வாயை மூடியிருக்கிறான். பம்ப்பை நிறுத்தவில்லை. ஃபேக்டரி மேனேஜர் அந்தக் காகிதத்தைக் கிழித்து மேசை மேல் வைத்து, "இதுக்கு மேல என்ன விசாரணை வேண்டியிருக்கு?" என்றாராம். அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திங்கட்கிழமை கூட்டம். அதில் அவன் பெயரை எழுதிவிட்டால் வேலை போவதோடு நிற்காது, வழக்கும் வரும் என்றார்கள்.

மூன்று நாள் அவன் அறையை விட்டு வரவில்லை. கதவுக்கு வெளியே வைத்த தட்டு அப்படியே இருந்தது. உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்விதான் வரும்: "மேஸ்திரி கை எப்படிம்மா இருக்காம்?"

சனிக்கிழமை மதியம் அந்தப் பெரிய ஷூக்கள் வந்தன.

"நான் உங்க பையனோட பேசணும்" என்றார். "ஆஃபீஸ்ல கூப்பிட்டா எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க. அதான் வீட்டுக்கே வந்துட்டேன்."

டீ போடவா என்றேன். வேண்டாம், விசாரணை நடக்கும் வீட்டில் தண்ணீருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது என்றார். "முடியட்டும். அப்புறம் ஒரு குடம் குடிக்கறேன்." மேசையில் உட்கார்ந்தார். அவன் வெளியே வருவதற்குள் அவர் மனதைக் கொஞ்சம் இளக்கி வைக்கலாம் என்று நான் ஆரம்பித்தேன்.

"என் பையன் சின்ன வயசுலேருந்தே ரொம்பக் கவனம் மேடம். மூணு வயசுல கொதிக்கிற கெட்டிலைப் பார்த்து, உள்ள அழுத்தம் எவ்வளவும்மான்னு கேட்டவன்."

"அப்புறம்?"

"அப்புறம் மூடியைத் தூக்கிப் பார்த்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கெட்டிலைத் தட்டி விட்டுட்டு அலமாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான்" என்று நானே ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று. அந்தப் பெண்மணியிடம் பொய்க்குக் கால் முளைக்கவே முளைக்காது.

மகன் வந்து உட்கார்ந்தான். நாலு நாள் தாடி. "அன்னிக்குக் காலையில பஸ்ஸை விட்டு இறங்கினதுலேருந்து சொல்லுங்க தம்பி" என்றார் மேடம். அவன் சொன்னான். வருடாந்தரப் பராமரிப்புக்காகப் பத்து நாள் மூடியிருந்த ஃபேக்டரியை அன்றுதான் திறந்தார்கள். பம்ப்பை ஓட்டினான். மீட்டர் முள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு வந்தது. அலாரம் அடித்தது. அமுக்கினான்.

"அப்புறம்?"

"ஓடட்டும்னு விட்டேன். முள் நூறைத் தொடணும் இல்ல."

"அப்புறம்?"

"அந்த மீட்டர் எப்பவுமே பத்து கூடக் காட்டும் மேடம். முள் நூறுல நின்னா உள்ள இருக்கறது தொண்ணூறுதான். கன்ட்ரோல் ரூம்ல எல்லாருக்கும் தெரியும். புதுசா வர்றவனுக்கு நாற்காலியைக் காட்டறதுக்கு முன்னாடி அதைத்தான் சொல்லிக் கொடுப்பாங்க. மேனேஜர்கிட்ட சொன்னேன். எந்தப் புத்தகத்துல இருக்கு, காட்டுன்னார். எதுலயும் இல்ல. கூட வேலை பார்க்கறவங்களும் பயந்துட்டு வாயைத் திறக்கல."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "தம்பி, முந்தாநாள் நான் அந்த டேங்க் மேல ஏறி டேப் விட்டு அளந்தேன். டேப்பும் முள்ளும் ஒண்ணாத்தான் இருக்கு. பத்து வித்தியாசம் இல்ல. அரை வித்தியாசம்கூட இல்ல."

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. "அப்போ நான் பொய் சொல்றேன்னு எழுதப் போறீங்களா?"

"இல்ல. நீங்க சொல்றதும் நிஜம், டேப் சொல்றதும் நிஜம். ரெண்டுக்கும் நடுவுல ஏதோ நடந்திருக்கு. அது என்னன்னுதான் தெரியல."

அந்த நேரம் பார்த்துத்தான் மாடியிலிருந்து மாப்பிள்ளை சாப்பிட இறங்கி வந்தார். பின்னால் தண்ணீர்ச் சொம்போடு என் மகள். பேச்சின் வால் மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. மீட்டர்காரரிடம் மீட்டரைப் பழித்தால் விடுவாரா? மேடம் யார், எதற்கு வந்திருக்கிறார் என்றுகூடக் கேட்காமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"ஏழாம் நம்பர் மீட்டர் தப்புன்னு யாருங்க சொன்னது? ஃபேக்டரியிலேயே சுத்தமான மீட்டர் அதுதான். இந்தப் பராமரிப்புலதான் நானே என் கையால சரி பண்ணினேன்."

மேடம் பென்சிலை மறுபடி கையில் எடுத்தார்.

"எவ்வளவு தப்பா இருந்துதுங்க?" என்று மெதுவாகக் கேட்டார் மேடம்.

"பத்து. எத்தனை வருஷமா அப்படிக் கிடந்துதோ, ஒருத்தனும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கல. நானாப் பார்த்து..." அவர் குரல் அங்கேயே நின்றது. மச்சான் முகத்தைப் பார்த்தார்.

வீட்டில் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்துக்கொண்டு, எட்டு அடித்தால் இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள் உண்டு. யாரோ நல்ல மனசோடு அந்தக் கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டு, சொல்லாமல் போனால் என்ன ஆகும்? பஸ் போய்விடும். இங்கே போனது பஸ் இல்லை. பன்னிரண்டு வருடமாக அந்த அலாரம் ஒவ்வொரு தடவையும் பத்து அளவு முன்னதாகவே கத்தியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் யாரோ அமுக்கியிருக்கிறார்கள். அந்தப் புதன்கிழமைதான் அது பிறந்ததிலிருந்து முதல் முறையாக உண்மை பேசியது. அன்றைக்கும் வழக்கம்போல அதன் வாயை மூடினார்கள்.

"சரி பண்ணினீங்களே மாமா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான் மகன்.

"தப்பா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா மச்சான்? எங்க நோட்டுல எழுதித்தான் வெச்சேன். அதை உங்க ஆளுங்க யாரு படிக்கறாங்க? கன்ட்ரோல் ரூமுக்குள்ள வந்தாலே, திருப்புளி வந்துடுச்சு, டீயை ஒளிச்சு வைங்கன்னு சிரிக்கறீங்க."

"அங்க சொல்லலைன்னா வீட்டுல சொல்லியிருக்கலாமே. தினமும் எதிரெதிரே உக்காந்துதானே சாப்பிடறோம்."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். மேடமும் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. அதற்கும் அன்று விடுமுறை போலிருக்கிறது. சட்டத்தைப் பற்றி நானே சொன்னேன். சொல்லிவிட்டு, "இதையும் ரிப்போர்ட்ல எழுதுவீங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"எழுத மாட்டேன். ஆனா சட்டம் இன்னியோட ரத்து" என்றார் அவர்.

"ரத்து" என்றேன்.

சிரிப்பு வரவில்லை யாருக்கும். மாப்பிள்ளை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "அப்போ மேஸ்திரி கைக்கு நான்தான் காரணமா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். என் மகள் சொம்பைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள். மகனைக் கரையேற்றிய கயிறு மாப்பிள்ளை கழுத்தில் விழுந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பு வைக்க எந்தத் தாயால் முடியும்? மேடம் தண்ணீர்த் தம்ளரைக் கழுவி வைக்கச் சமையலறைக்கு வந்தபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு பேர்ல யாரை எழுதப் போறீங்க?"

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அங்கேயே, பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரமாக நின்றுகொண்டு, தன் கதையைச் சொன்னார். அவர் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். கெமிஸ்ட்ரி படிக்க வைத்தார். முதல் வேலை ஒரு பெயின்ட் ஃபேக்டரி பரிசோதனைக் கூடத்தில். அங்கே ஒரு நாள் பீப்பாயில் திரவம் ஊற்றும் இடத்தில் தீப்பிடித்தது. நன்றாக எழுதுகிற பெண் என்று அவரை அறிக்கை எழுதச் சொன்னார்கள். இருபத்து நான்கு வயது. அழகாக எழுதினார். காரணம் என்ற இடத்தில் பீப்பாய் நிரப்புகிறவரின் பெயரைப் போட்டார். அவரை வெளியே அனுப்பினார்கள். எல்லோரும் இவரைப் பாராட்டினார்கள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு அதே இடத்துல, அதே மாதிரி தீ. இந்தத் தடவை நின்னது வேற ஆள். இவன் பிழைக்கல. அப்பத்தான் உட்கார்ந்து பார்த்தேன். குழாய்லேருந்து கொட்டற திரவம் உரசி, மின்சாரம் சேர்ந்து பொறி கிளம்பிட்டு இருந்திருக்கு. ஒரு செம்புக் கம்பியை மண்ணுல இறக்கிக் கட்டியிருந்தா போதும். ஆளை மாத்தினோம்மா. பொறி அங்கயேதான் இருந்துது."

வேலையை விட்டுப் போன முதல் ஆளைத் தேடிப் போயிருக்கிறார். அவர் கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், இவர் மன்னிப்புக் கேட்டதை முழுக்கக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

"அதுக்கப்புறம் இந்த இருபத்தெட்டு வருஷத்துல என் அறிக்கை எதுலயும் மனுஷன் பேர் கிடையாது" என்றார் மேடம். "பேரைப் போட்டா படிக்கறவங்க அதோட படிக்கறதை நிறுத்திடறாங்க."

திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பற்றி என் மகன் சொல்லி நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன்; நூறு தடவை மற்றவர்களுக்குச் சொல்லியுமிருக்கிறேன். மேனேஜர் நடுவில், வலப்பக்கமும் இடப்பக்கமும் பெரிய ஆட்கள். மேடம் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பழைய சாமான் அறையில் கரப்பான்பூச்சிகளோடு குடித்தனம் நடத்தி, ஒரு வருடத்துக் காகிதச் சுருள்களைத் தேடி எடுத்திருந்தார். அவற்றை மேசை மேல் விரித்தார். போதவில்லை. தரையில் விரித்தார். கதவைத் தாண்டிப் படிக்கட்டு வரை போயிற்று. ஏழாம் நம்பர் டேங்க் நிரம்பியது இருநூற்று எட்டு தடவை. அலாரம் அடித்தது இருநூற்று எட்டு தடவை. அமுக்கியது பதினோரு ஆபரேட்டர்கள். அதிகம் யோசித்தவர் எடுத்துக்கொண்டது ஆறு விநாடி.

மேனேஜர் சுருளை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "இதெல்லாம் இருக்கட்டும் மேடம். மேலிடத்துக்கு நான் பதில் எழுதணும். எனக்கு ஒரு பேர் வேணும்."

"ஒண்ணு என்ன சார், இருக்கற பேரை எல்லாம் கேட்டுடலாம்." மேடம் பின்வரிசையில் இருந்த மூத்த ஆபரேட்டரைக் கூப்பிட்டார். அவரை எல்லோரும் பெரிசு என்பார்கள். "ஏழாம் நம்பரை எதுவரைக்கும் நிரப்புவீங்க?"

பெரிசு முதலில் மேற்கூரையைப் பார்த்தார். பிறகு என் மகனைப் பார்த்தார். "முள் நூறைத் தொடற வரைக்கும்."

"அப்புறம்?"

"பத்தைக் கழிச்சுக்குவோம்."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஷிஃப்ட் இன்சார்ஜ்."

"அவர் இப்போ எங்க இருக்கார்?"

"உங்களுக்கு நேர் எதிர்ல, மேடம். காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு."

மேனேஜர் காலைக் கீழே இறக்கினார். தண்ணீர் குடித்தார். இன்னொரு தம்ளரும் குடித்தார். பிறகு, "மேடம், அறிக்கையில பேர் எழுதறது அவ்வளவு அவசியமா?" என்று கேட்டார்.

"அவசியம் இல்லன்னுதான் சார் நான் காலையிலேருந்து சொல்லிட்டு இருக்கேன்."

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு குத்து குத்தியிருப்பார்கள். நானாக இருந்தால் இரண்டு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அன்னிக்கு நீங்க சொன்னது நல்ல யோசனைதான் சார். மீட்டரை மாத்த முடியாத நேரம், பாதுகாப்பா நிரப்ப ஒரு வழி சொன்னீங்க. மீட்டரைச் சரி பண்ணினவரும் நல்லதுதான் பண்ணினார். பையனும் சொல்லிக் கொடுத்ததைச் சரியாத்தான் பண்ணினான். நல்லது பண்ணின மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கற மாதிரி இங்க ஒரு வழி இல்ல. அதை எழுதப் போறேன்."

அதைத்தான் எழுதினார். மீட்டரில் யார் கை வைத்தாலும் கன்ட்ரோல் ரூமுக்கு நேரே போய்ச் சொல்லி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும். அலாரம் இனி மீட்டரை நம்பி இருக்கக் கூடாது. அதற்கென்று டேங்குக்குள் தனியாக ஒரு மிதவை வேண்டும். தினமும் அடிக்கிற அலாரம் என்று ஒன்று இருந்தால் அதையே பழுது என்று எழுத வேண்டும். எண்பத்தைந்திலேயே பம்ப்பை நிறுத்த வேண்டும். ஏணிக்கு நடுவில் நிற்க ஒரு தளம், கீழே உடம்பில் தண்ணீர் கொட்டும் குழாய். மேஸ்திரி கைக்கு முழு வைத்தியமும் முழுச் சம்பளமும் ஃபேக்டரி பொறுப்பு. அறிக்கை பதினெட்டு பக்கம். அதில் என் மகனைத் தேடினேன், மாப்பிள்ளையைத் தேடினேன். இருவரும் இல்லை. என் பிள்ளைகள் பெயர் அச்சில் வராததற்காக நான் அழுதது அந்த ஒரு தடவைதான். அந்த அறிக்கை வேறு பல ஃபேக்டரிகளுக்கும் போனதாம். அங்கே எத்தனை மேஸ்திரிகள் எந்தக் கதையும் இல்லாமல் மாலையில் வீட்டுக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.

மகனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அவன் கை திரும்பக் கிடைக்கவில்லை. மற்ற டேங்குகளைப் பார்த்துக்கொண்டான். ஏழாம் நம்பர் புது மிதவைக்காகக் காலியாகவே கிடந்தது. நான்கு மாதம் கழித்து அதை முதன்முதலாக நிரப்புகிற நாள் குறித்தார்கள். அவன் முறைதான் வந்தது. முதல் நாள் சாயங்காலம் என்னிடம், "முள்ளைப் பார்த்தாலே விரல் ஆடுதும்மா. வேற ஏதாவது வேலை பார்த்துக்கறேன்" என்றான். நான் என்ன சொல்வது? மாப்பிள்ளைதான் மாடியிலிருந்து மேடத்துக்கு ஃபோன் போட்டார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை அவன் கன்ட்ரோல் ரூமுக்குள் போனபோது அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. நோட்டும் இல்லை, டேப்பும் இல்லை. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்க உங்க வேலையைப் பாருங்க தம்பி. நான் சும்மாதான் வந்தேன்" என்றார். வெளியே டேங்க் மேல், கை ஆறி முதல் நாள் வேலைக்கு வந்திருந்த பம்ப் மேஸ்திரி, டேப்போடு நின்றார். மேலே அவர் அளந்து வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும், உள்ளே இவன் முள்ளோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

பம்ப் ஓட ஆரம்பித்தது. இருபது. முப்பது. ஐம்பதில் அவன் சட்டை முதுகு முழுக்க ஈரம். ஏதாவது தப்பாகச் செய்தால் அவர் சொல்லிவிடுவார் என்ற தைரியத்தில் திரும்பிப் பார்த்தான். பெரிய ஷூக்களைக் கழற்றி வைத்துவிட்டு, தலையைச் சுவரில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, மேடம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவன் ஓர் ஐந்து விநாடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தானாம். விசாரணைக்காக எத்தனையோ ஃபேக்டரிகளின் சாம்பலை மிதித்த பெண்மணி. அவன் நிரப்புகிற டேங்குக்கு நூறு அடி தூரத்தில் உட்கார்ந்து தூங்குகிறார். திரும்பி முள்ளைப் பார்த்தான். விரல் ஆடவில்லை.

"எழுபது" என்றது வாக்கி டாக்கி.

"எழுபது, சரி" என்று இவன் கிசுகிசுத்தான்.

"என்ன தம்பி, தொண்டை கட்டிக்கிச்சா? சத்தமா சொல்லு."

"மேடம் தூங்கறாங்க மேஸ்திரி."

உடனே, சுற்றிலும் ஒரு காக்கைகூட இல்லாத அந்த வெட்டவெளியில், நாற்பதடி உயர டேங்கின் உச்சியில் நின்றுகொண்டு மேஸ்திரியும் கிசுகிசுக்க ஆரம்பித்தார்.

"எண்பது... எண்பத்திமூணு... எண்பத்தஞ்சு தம்பி. நிறுத்திக்கோ."